பட்டறைத் தபால்: டிராக்குக்குப் போகும் கார்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. சொந்தக் காரை எடுத்துக்கொண்டு பந்தயத் தளத்தில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கும் ஆசை நம் பிள்ளைகளிடம் நன்றாகவே பரவியிருக்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சி. சிறு வயதில் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயத்தைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் நான். அதன் பிறகு கோவையில் பட்டறை வைத்து, டிராக்குக்குப் போகும் கார்களுக்கு அடியில் படுத்தே பாதி வாழ்க்கை போயிருக்கிறது. மைலேஜ், பேட்டரி கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் வாசகர்: என்னிடம் 2014 போலோ 1.2 டி.எஸ்.ஐ. இருக்கிறது. அடுத்த மாதம் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் என் முதல் டிராக் நாள். கையில் 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். ரீமேப் செய்து, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி, பெரிய எக்ஸாஸ்ட் போடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எதை முதலில் செய்வது?

இரண்டையும் செய்யாதீர்கள். உங்கள் எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே 105 குதிரைத் திறன் கொண்டது. முதல் நாளில் அதில் முக்கால்வாசியைக்கூட நீங்கள் பயன்படுத்தப் போவதில்லை. இதே கோவையில் பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். 800 சி.சி.கூட நிறையாத அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போனார். எஞ்சின் சின்னதாக இருந்ததால் வளைவில் வேகத்தை இழக்காமல் ஓட்டக் கற்றே ஆக வேண்டியிருந்தது.

உங்கள் பணம் முதலில் பிரேக்குக்குப் போகட்டும். சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து காரை நிறுத்துகிறீர்கள். டிராக்கில் 150-லிருந்து 60-க்குக் கொண்டு வருகிறீர்கள். இரண்டாவதில் பிரேக் விழுங்க வேண்டிய சூடு முதலாவதைப் போல 5 மடங்கு. அதையும் சுற்றுக்குச் சுற்று, பல வளைவுகளில் செய்கிறீர்கள். செட்டிபாளையம் தளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். நேர்சாலை குட்டை, வளைவுகள் நெருக்கம், ஆகவே பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் என் மாருதி எஸ்டீமை ஓட்டிய முதல் நாள், நான்காவது சுற்று. மெயின் நேர்சாலை முடிந்து முதல் வளைவுக்கு முன் பிரேக்கை மிதித்தேன், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. இரண்டு முறை பம்ப் செய்த பிறகு பாதி பிரேக் வந்தது. வளைவுக்கு வெளியே மண்ணில் இறங்கி நின்றேன். இறங்கிப் பார்த்தபோது பேட் நன்றாகவே இருந்தது. தவறு பிரேக் ஆயிலில். மூன்று வருடமாக மாற்றாமல் ஓட்டியிருந்தேன்.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் வரும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழை அமுக்க முடியும். நீங்கள் மிதிக்கும் மிதி முழுவதும் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. அதனால் டிராக்குக்குப் போகும் வாரத்தில், சீல் உடைக்காத புது பாட்டில் வாங்கி, நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் முழுக்க வெளியேறும் வரை ப்ளீட் செய்யுங்கள். டாட் 4 அல்லது டாட் 5.1 போதும். வெறும் டாட் 5 என்று எழுதியிருந்தால் தொடாதீர்கள், அது சிலிகான், உங்கள் காரில் இருப்பதோடு சேராது.

அடுத்து முன்பக்க பேட். கம்பெனி பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதியது போடுங்கள். அதிகச் சூடு தாங்கும் பேட் கிடைத்தால் நல்லது, ஆனால் டிராக்குக்கென்றே செய்த கடுமையான பேட் வேண்டாம். அது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வீட்டுத் தெருவில் குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் பிடிக்காது. உங்கள் காரில் பின்னால் டிரம். அதைத் திறந்து, ஷூவைச் சுத்தம் செய்து, சிலிண்டர் கசிகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. ஐந்து, ஆறு வருடம் தாண்டிய டயரில் பட்டை எவ்வளவு இருந்தாலும் டிராக்குக்கு வேண்டாம், ரப்பர் இறுகியிருக்கும். நல்ல சாலை டயர் நான்கு இருந்தால், செமி ஸ்லிக் என்ற பட்டை குறைந்த டிராக் டயரைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். சாலை டயர் வழுக்கத் தொடங்குவதற்கு முன் கீச்சென்று சொல்லிவிடும். கற்றுக்கொள்பவருக்கு அந்தச் சத்தம் ஒரு வாத்தியார்.

காற்று விஷயத்தில் பலர் ஏமாறுவார்கள். காலையில் குளிர்ந்த டயரில் 32 வைத்தால் நான்கு சுற்று முடிந்து வரும்போது 37, 38 காட்டும். டயர் நடுவில் உப்பி, பிடிப்பு போய்விடும். குளிர்ந்த நிலையில் 28, 29-ல் தொடங்குங்கள். உள்ளே வந்தவுடன் அளந்து, சூட்டில் 34 பக்கம் நிற்கும்படி சரி செய்யுங்கள். டயரின் தோள்பட்டையில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டு வையுங்கள். கோடு பக்கச் சுவர் வரை அழிந்தால் காற்று குறைவு, தோள் வரைகூட அழியாமல் நின்றால் அதிகம். சொந்தமாக ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். பெட்ரோல் பங்க் கேஜை நம்பி இந்த வேலை செய்ய முடியாது.

வீல் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து 120 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கி, முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி சரிபாருங்கள். புது அலாய் போட்டுவிட்டு நேராக டிராக்குக்கு வந்த ஒரு பையனின் பின்சக்கரத்தில் ஐந்தில் மூன்று போல்ட்டுகள் கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பிட்டில் ஒருவர் சத்தத்தைக் கேட்டு அவனை நிறுத்தினார்.

அப்புறம் எஞ்சின் ஆயிலை மேல் கோடு வரை வையுங்கள். நீண்ட வளைவில் ஆயில், சம்ப் என்ற எஞ்சின் அடித்தொட்டியின் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், குறைவாக இருந்தால் பம்ப் காற்றை இழுக்கும். உங்கள் காரில் இருப்பது உலர் கிளட்ச் டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ், அதாவது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாகவே கியர் மாற்றுவது. சூடு அதற்கு எதிரி. மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக என்று ஓட்டுங்கள். கடைசிச் சுற்றில் பிரேக்கைத் தொடாமல் ஆற்றிக்கொண்டு வாருங்கள். உள்ளே வந்து ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கொதிக்கும் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்துங்கள்.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில், காலடி மேட் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். இழுவைக் கொக்கியை மட்டும் முன்னாலேயே மாட்டி வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகும் உங்கள் 60,000-ல் மீதி இருக்கும். அதை, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஒரு பயிற்சியாளருக்குக் கொடுங்கள். கார் வழுக்கும்போது தானாகவே பிடித்து நிறுத்தும் இ.எஸ்.பி. முதல் நாள் முழுவதும் ஆனிலேயே இருக்கட்டும்.

ஈரோடு வாசகர்: கல்லூரியில் படிக்கிறேன். அப்பாவின் ஸ்விஃப்ட்டில் ஹேண்ட் பிரேக் இழுத்து டிரிஃப்ட் செய்யப் பழகுகிறேன். இரவு 12 மணிக்கு மேல் ரிங் ரோட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். கார் பாதி திரும்பி நின்றுவிடுகிறது. என்ன மாற்றம் செய்ய வேண்டும்?

தம்பி, முதலில் ரிங் ரோட்டை விடுங்கள். யாரும் இருக்க மாட்டார்கள் என்று நீங்கள் நினைக்கிற நேரத்தில்தான் விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர் வரும், மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிய வண்டி வரும், ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் ஒருவர் வருவார். பொதுச் சாலையில் வேகப் போட்டி நடத்துவதையும் வேகம் சோதிப்பதையும் மோட்டார் வாகனச் சட்டம் 189-ம் பிரிவு குற்றமாக வைத்திருக்கிறது. ஆனால் சட்டத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. சாலை விபத்துக்குப் பிறகு பட்டறைக்கு வரும் கார்களைத் திறப்பவன் நான். உள்ளே கிடக்கும் செருப்பையும் டிபன் பாக்ஸையும் நான்தான் எடுத்து வெளியே வைக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஸ்விஃப்ட்டில் எஞ்சின் முன்சக்கரத்தைச் சுழற்றுகிறது. டிரிஃப்ட் என்றால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழந்து சுழன்றுகொண்டே இருக்க, ஆக்ஸிலரேட்டராலும் ஸ்டீயரிங்காலும் அந்த வழுக்கலைப் பிடித்து வைத்திருப்பது. உங்கள் காரில் பின்சக்கரத்துக்கு எஞ்சினின் பலம் போவதே இல்லை. ஹேண்ட் பிரேக் இழுத்தால் பின்பக்கம் ஒரு முறை வீசும், பிறகு அதைத் தொடர எதுவும் இல்லை. கார் நின்றுவிடுவது உங்கள் தவறல்ல, அந்தக் காரின் அமைப்பே அப்படி. எந்த மாற்றமும் அதை மாற்றாது.

ஜப்பானில் 1970களில் குனிமிட்சு தகாஹாஷி பந்தயங்களில் இப்படி வழுக்கி வளைவெடுத்தார். அதைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி சுச்சியா, டொயோட்டா ஏஈ86 என்ற சின்னக் காரில் அதை உலகம் அறியச் செய்தார். அது பின்சக்கர இயக்கம், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. அங்கேயும் மலைப்பாதைகளில் தொடங்கியதுதான், ஆனால் 2001-ல் டி1 போட்டித் தொடர் வந்து, தளத்துக்குள், நடுவர்கள் முன்னால் நடக்கும் விளையாட்டாக மாறியது. கோணம், பாதை, வேகம் மூன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள்.

உங்களுக்கு உண்மையிலேயே கை அரிக்கிறது என்றால் வார இறுதியில் கோ-கார்ட் தளத்துக்குப் போங்கள். கார்ட்டில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இருக்கும். மழை பெய்த மறுநாள் போனால் பின்பக்கம் வழுக்குவதையும், எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங் ஒடித்துப் பிடிப்பதையும் 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் கற்றுக்கொள்ளலாம். அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் இழுபட்டிருக்கும், அதை அவர் மாற்ற வேண்டியிருக்கும்.

சென்னை வாசகி: டிரிஃப்ட் பழகுவதற்கென்றே பழைய பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ், ஈ46 பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறேன். முந்தைய உரிமையாளர் மேனுவல் கியர்பாக்ஸ் மாற்றி வைத்திருக்கிறார். டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார் என் மெக்கானிக். ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக்கும் வாங்கிவிட்டேன். தொடங்கலாமா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சரியான காரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். வெல்டிங்குக்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன, அதனால் கொஞ்சம் பொறுங்கள்.

காரை லிஃப்ட்டில் ஏற்றி, பின்பக்க சப்ஃபிரேம், அதாவது பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சட்டம், காரின் உடம்போடு சேரும் நான்கு இடங்களையும் முதலில் பாருங்கள். ஈ46-ல் அந்தத் தகடு விரிசல் விடும். இது அந்தக் காரின் தெரிந்த பலவீனம். பழைய அண்டர்கோட்டிங்கைச் சுரண்டி, கம்பிப் பிரஷ் போட்டு, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. டிரிஃப்ட்டில் கிளட்சை உதைத்து விடும் ஒவ்வொரு முறையும் அந்த அடி போய்ச் சேருவது அங்கேதான். விரிசல் இருந்தால் வெல்டிங் மெஷினுக்கு முதல் வேலை அதுதான். விரிசலின் முனையில் துளை போட்டு நிறுத்தி, வெல்ட் செய்து, மேலே பலப்படுத்தும் தகடு வைக்க வேண்டும். விரிசல் இல்லாவிட்டாலும் தகடு வைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது கூலிங். இந்தக் காரின் எக்ஸ்பான்ஷன் டேங்க் பிளாஸ்டிக், சூட்டில் வருடக்கணக்காக வெந்து ஒரு நாள் பிளந்துவிடும். பழைய வாட்டர் பம்ப்பில் உள்ளே சுழலும் விசிறியும் பிளாஸ்டிக்காக இருக்கலாம். டிரிஃப்ட்டில் எஞ்சின் உச்ச சுற்றில் கத்தும், காரோ பக்கவாட்டில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும், ரேடியேட்டருக்குள் நேராகக் காற்றே போகாது. சென்னை மே மாதத்தில் அது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டேங்க், பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். முன்பக்க லோயர் ஆர்ம் புஷ்களும் போயிருக்கும், அதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

இப்போது டிஃபரன்ஷியல். வளைவில் உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் போகின்றன. இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவதுதான் அந்தக் கூட்டுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களின் வேலை. காரை வேகமாகத் திருப்பும்போது உள்சக்கரத்தின் மேல் எடை குறையும், அது மட்டும் வெறுமனே சுற்றிப் புகை விடும், கார் வழுக்காது. அந்தப் பல்சக்கரங்களை வெல்ட் வைத்துவிட்டால் இரண்டு சக்கரமும் எப்போதும் ஒன்றாகவே சுற்றும். காசு குறைவு, வேலை செய்யும், உலகம் முழுக்கப் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

ஆனால் வெல்டிங் சரியாக ஊடுருவாவிட்டால் ஒரு துண்டு உடைந்து கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் நடுவே விழும், பின்சக்கரங்கள் இரண்டும் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். அதனால் முழுக்க அக்கக்காகக் கழற்றி, எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் கழுவி, சூடேற்றி, வெல்ட் வைத்து, மெதுவாக ஆறவிடும் பொறுமை உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். கூட்டுக்குள்ளேயே வைத்து நான்கு புள்ளி ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பணம் இருந்தால் கிளட்ச் தட்டுகள் வைத்த 2-வே எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்) வாங்குங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அது பூட்டிக்கொள்ளும். நான் என் மகளுக்குக் கட்டினால் அதைத்தான் போடுவேன், அதற்காக ஒரு வருடம் காத்திருக்கவும் செய்வேன்.

வெல்ட் வைத்த பிறகு அந்தக் கார் சாலைக்கு வரக்கூடாது. மழையில் திருப்பினால் முன்பக்கம் திரும்பாமல் நேராகப் போகும், பார்க்கிங்கில் டயர் கத்தும், ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். சட்டமும் அதே பக்கம்தான் நிற்கிறது. ஆர்.சி.யில் பதிந்த கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு சொல்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. கியர்பாக்ஸ் ஏற்கெனவே மாறியிருப்பதால் இப்போதே காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவதுதான் முறை. வாடகையைப் பெட்ரோல் செலவோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஹைட்ராலிக் ஹேண்ட் பிரேக் இருக்கட்டும், ஆனால் கம்பெனி ஹேண்ட் பிரேக்கைக் கழற்றாதீர்கள். ஹைட்ராலிக்கில் பூட்டி வைக்கும் வசதி பெரும்பாலும் இருக்காது, நிறுத்திய கார் உருளும். நீங்கள் வாங்காததும் முதலில் வாங்க வேண்டியதும் பக்கெட் சீட். சாதா சீட்டில் உட்கார்ந்து பக்கவாட்டில் வழுக்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்குவீர்கள். அப்போது கார் என்ன செய்கிறது என்று கை உணராது. கைக்கு வேலை ஸ்டீயரிங்கைத் தன்னால் சுழல விட்டுச் சரியான இடத்தில் பிடிப்பது மட்டும்தான்.

முன்சக்கரம் அதிகமாகத் திரும்ப உதவும் ஆங்கிள் கிட்டை இந்த வருடம் வாங்க வேண்டாம். போட்டிக் கார்களில் முன்சக்கரம் 60 டிகிரி வரைகூட மடங்குகிறது. உங்கள் காரில் கம்பெனி கொடுத்த கோணத்திலேயே சின்ன வட்டம், பிறகு எட்டு, பிறகு ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு மாறுவது என்று பழகுங்கள். குறைந்த கோணத்தில் கற்றவருக்குக் கால் சுத்தமாக இருக்கும். முன்னால் நல்ல புது டயர், பின்னால் விலை குறைந்த 205/55 ஆர்16 நான்கைந்து ஜோடி. ரீட்ரெட் டயர் மட்டும் வேண்டாம். பட்டை பிரிந்து சக்கர வளைவைக் கிழித்த கார் ஒன்றுக்கு டிங்கரிங் செய்ய எனக்கு ஒரு வாரம் ஆனது.

தளத்தில் தண்ணீர் ஊற்றித் தரும் நாள் கிடைத்தால் விடாதீர்கள். ஈரத்தில் பாதி வேகத்தில் எல்லாம் நடக்கும், டயரும் மிச்சமாகும். உங்கள் முதல் எட்டு முழுசாக வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

மதுரை வாசகர்: பைக் ஹெல்மெட்டையே டிராக் நாளுக்குப் போட்டுக்கொள்ளலாமா?

சில ஏற்பாட்டாளர்கள் அனுமதிக்கிறார்கள், முன்கூட்டிக் கேளுங்கள். தொடர்ந்து போவதாக இருந்தால், ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று தரும் ஸ்நெல் அமைப்பின் எஸ்.ஏ. முத்திரை உள்ளதை வாங்குங்கள். எம். என்று இருப்பது பைக்குக்கானது. எஸ்.ஏ. ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்கும், ரோல் கேஜ் என்ற, பந்தயக் காருக்குள் இருக்கும் பாதுகாப்புக் கூட்டின் கம்பியில் மோதுவதற்கும் அதைச் சோதித்திருப்பார்கள். உடம்புக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட். நைலான் ஜெர்சி வேண்டாம், தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

நாகர்கோவில் வாசகர்: டிராக்கில் இடித்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது என்று வைத்துக்கொண்டே போங்கள். பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்ற பத்தியைப் படித்தால் பந்தயம், வேகச் சோதனை இரண்டும் விலக்கப்பட்டிருக்கும். மாதத் தவணை பாக்கி இருக்கும் காரை டிராக்குக்குக் கொண்டு போகாதீர்கள்.

கரூர் வாசகி: என் மகனுக்கு 22 வயது. இருங்காட்டுக்கோட்டைக்குக் காரை எடுத்துப் போகிறேன் என்று ஒரே பிடிவாதம். பயமாக இருக்கிறது. விடலாமா?

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. ஆனாலும் விடுங்கள், நீங்களும் கூடப் போங்கள். ஆம்புலன்ஸும் டாக்டரும் நாள் முழுக்க இருப்பார்களா, ஓட்டுவதற்கு முன் காரை யார் சோதிக்கிறார்கள், கொடி காட்டும் ஆட்கள் வளைவுகளில் நிற்கிறார்களா, புதியவர்களைத் தனிக் குழுவாக அனுப்புகிறார்களா? இந்த நான்கையும் ஏற்பாட்டாளரிடம் நீங்களே கேளுங்கள். ஒன்றுக்கு மழுப்பினாலும் அன்றைக்கு வேண்டாம். நான்குக்கும் நேரான பதில் வந்தால், எதிரே லாரி வராத, குறுக்கே ஆடு வராத இடத்தில் உங்கள் மகன் ஓட்டப் போகிறான் என்று தைரியமாக இருங்கள்.

அங்கே நிழல் குறைவு. ஒரு தார்ப்பாய், நாலு பாட்டில் தண்ணீர், உப்பு போட்ட எலுமிச்சை சாறு, வயிறு நிரப்பாத சாப்பாடு கொண்டு போங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு அவனைக் காரை விட்டு இறங்கி உட்காரச் சொல்லுங்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் களைப்பில்தான் பிள்ளைகள் தப்பு செய்வார்கள், கடைசி ஓட்டத்தை விட்டுவிடலாம் என்று நீங்கள் சொன்னால் நானும் அதையே சொன்னதாகச் சொல்லுங்கள். கிளம்பும்போது பிரேக் பேட் எவ்வளவு மிச்சம் என்று ஒரு முறை பார்த்து, குறைத்த காற்றை மறுபடி கம்பெனி சொன்ன அளவுக்கு ஏற்றிய பிறகே கரூர் ரோட்டைப் பிடிக்கச் சொல்லுங்கள்.